மரமேறிகளின் கருவிப்பை

மரமேறிகளின் கருவிப்பை என்பது மரம் ஏறித் தொழில் செய்வோர் தமக்கு வேண்டிய கருவிகளையும், மரத்திலிருந்து எடுத்தவற்றையும் உடலோடு சேர்த்துச் சுமக்கும் பை, பெட்டி அல்லது கூடையைக் குறிக்கும். பனையேறியின் அரிவாள்பெட்டி, தென்னை ஏறுவோரின் இடுப்புப் பை, மேலை நாட்டு வேட்டைக்காரர்கள் மரமேறும் பரணுடன் கொண்டு செல்லும் முதுகுப்பை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தோற்றத்தில் வேறுபட்டாலும் இவை அனைத்தும் ஒரே கேள்விக்கான விடைகள்: இரண்டு கைகளும் மரத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் சுமை எங்கே இருக்க வேண்டும்?

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான குரோம்பேட்டை, சிட்லபாக்கம், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய இடங்களில் வீட்டுத் தோட்டத் தென்னைகளில் காய் பறிப்போரிடம் இன்று பழைய தளைக்கயிற்றையும் இரும்பு ஏறுகருவியையும் காணலாம். ஏறுகருவி வந்த பிறகு பை பற்றிய கேள்வி மறையவில்லை. கருவியே ஒரு சுமையாகிவிட்டதால் அக்கேள்வி மேலும் முக்கியமானது.

## அடிப்படைச் சிக்கல்

தரையில் நடப்பவருக்குச் சுமையை முதுகில் வைப்பதே வசதி. மரம் ஏறுபவருக்கு அது நான்கு வகையில் இடையூறாகிறது.

கைகள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்றாவது எப்போதும் மரத்தையோ ஏறுகருவியையோ பற்றியிருக்க வேண்டும் என்பது மரமேறுதலின் முதல் விதி. கையில் பிடிக்கும் பையும், நழுவும் தோள்வாரைச் சரிசெய்யக் கையைக் கேட்கும் பையும் இவ்விதியை உடைக்கின்றன.

எடை இருக்கும் இடம். முதுகில் உள்ள சுமை ஏறுபவரை மரத்திலிருந்து பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பை ஈடுசெய்பவை கைகள். 6 கிலோ எடையுள்ள பையின் நடுப்பகுதி மரத்திலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும், ஏறுபவரின் கைகள் கால்களுக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் பற்றியிருப்பதாகவும் கொள்வோம். பைக்காக மட்டும் கைகள் கூடுதலாக இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமம். அதே பையை இடுப்பின் பக்கவாட்டில், மரத்திலிருந்து 25 செ.மீ. தொலைவில் கட்டினால் அது 1 கிலோவாகக் குறையும். பையின் எடை மாறவில்லை. கையின் உழைப்பு பாதியாகிறது. ஒரு நாளில் பல மரங்கள் ஏறுபவருக்கு இந்த வேறுபாடு மாலையில் விரல்களின் பிடியில் தெரியும்.

எட்டும் தூரம். மர உச்சியில் முதுகுப்பையைத் திறக்க ஒரு தோளைக் கழற்ற வேண்டும். உடலைத் திருப்ப வேண்டும். பையை ஒரு கையால் தாங்க வேண்டும். களைப்பு மிகுந்த நேரத்தில், மிக உயரமான இடத்தில் செய்யப்படும் இச்செயலே ஆபத்தானது.

சிக்குதல். தென்னை மட்டையின் அடி, பனையின் பல் போன்ற கருக்கு, பாளை ஆகியவற்றில் தொங்கும் வார்களும் கயிறுகளும் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை அறியாமல் காலை இறக்கும்போது சமநிலை குலைகிறது.

## பனையேறியின் அரிவாள்பெட்டி

தமிழ்நாட்டில் இச்சிக்கலுக்கான மிகப் பழைய தீர்வு பனையேறிகளிடம் உள்ளது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 30 மீட்டர் வரை வளரக்கூடியது. பதநீர்ப் பருவத்தில் பாளையைக் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவிவிட வேண்டும். சீவுவது ஒரு வேளை தவறினாலும் சுரப்பு குறையும். ஆகவே பனையேறி ஒரு மரத்தில் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் ஏறுகிறார். அத்தகைய பல மரங்கள் ஒருவர் பொறுப்பில் இருக்கும்.

இத்தொழிலுக்கு மேலே தேவைப்படுபவை மிகச் சில: பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கி இளக்கும் மரக் கடிப்பு, கலயத்தின் உட்புறம் பூசச் சுண்ணாம்பு, கட்டுவதற்கு நார். சுண்ணாம்பு பூசாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகும். இவற்றை வைக்கும் பெட்டியே அரிவாள்பெட்டி. தென்னை, பனை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யப்படும் இது இடுப்பில் கட்டப்படுகிறது. தென் மாவட்டப் பேச்சு வழக்கில் இதை அருவாப்பெட்டி என்பர்.

இதன் அமைப்பில் கவனிக்கத்தக்க கூறுகள்:

- இது தோளில் தொங்குவதில்லை. இடுப்பில் இறுகக் கட்டப்படுகிறது. எனவே ஏறும்போது ஊசலாடுவதில்லை.
- வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். மூடியோ பொத்தானோ இல்லாததால் ஒரு கையால், பார்க்காமலேயே அரிவாளை எடுக்கவும் வைக்கவும் முடியும்.
- உடல் விறைப்பானது. கூர்மையான அரிவாள் துணியைக் கிழித்துத் தொடையில் படும் அபாயம் குறைவு.
- சிறியது. அன்றைய வேலைக்குத் தேவையற்ற எதையும் வைக்க இடமில்லை.

நான்காவது கூறே முதன்மையானது. அரிவாளைத் தீட்டும் பலகை முதலியவை கீழேயே இருந்துவிடும். பெரிய பை இருந்தால் அவையும் மேலே போகும். பெட்டியின் அளவே ஏறுபவரைக் கட்டுப்படுத்துகிறது.

பனையேறியின் சுமை மலையேறுபவரின் சுமையிலிருந்து இன்னொரு வகையிலும் மாறுபட்டது. மலையேறுபவர் உண்ணவும் குடிக்கவும் அவர் பை இலேசாகிறது. பனையேறியோ வெறும் பெட்டியுடன் ஏறி, பதநீருடன் இறங்குகிறார். ஒரு லிட்டர் பதநீர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை; அது திரவம் என்பதால் பாத்திரத்துக்குள் அசையவும் செய்யும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே பதநீர் இறக்கும் குடுவை குறுகிய வாயுடன், உடலை ஒட்டித் தொங்குமாறு அமைகிறது. பை தேர்ந்தெடுக்கும் எவரும் ஏறும் எடையைவிட இறங்கும் எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

## தென்னை ஏறுகருவிகளும் சுமையும்

தென்னை ஏறுவோர் மரபாகக் காலில் தளைக்கயிறு மாட்டி, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறுவர். பை என ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. இம்முறைக்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவை. பழகியவர்கள் குறைந்ததால், பழகாதவரும் ஏறுவதற்கான கருவிகள் தென்னிந்தியாவில் உருவாயின. அவற்றில் இரண்டு வகைகள் பரவலானவை.

நின்று ஏறும் வகை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் உருவாக்கியது, 'செம்பேரி மாதிரி' என்று அறியப்படுகிறது. இடக்கால், வலக்காலுக்கெனத் தனித்தனி இரும்புச் சட்டங்களும், மரத்தைச் சுற்றும் கம்பிக்கயிறுகளும் கொண்டது. உடல் எடை ஒரு காலில் விழும்போது அந்தச் சட்டம் மரத்தை இறுகப் பற்றும். மற்ற சட்டத்தைத் தளர்த்தி மேலே தூக்கலாம். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கெனத் தனிப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியுள்ளது.

அமர்ந்து ஏறும் வகை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கருவி இவ்வகையைச் சேர்ந்தது. மேல் சட்டத்தில் இருக்கையும், கீழ்ச் சட்டத்தில் கால் வைக்கும் இடமும் இருக்கும். நின்றவாறு மேல் சட்டத்தை உயர்த்தி, அதில் அமர்ந்து, கால்களால் கீழ்ச் சட்டத்தை இழுத்து ஏற வேண்டும்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சியில் ஏறுகருவியைக் கையாளுதல், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை கற்றுத்தரப்பட்டன. மரமேறுவோருக்கான 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் இவ்வாரியத்தால் நடத்தப்படுகிறது.

இக்கருவிகள் சுமையின் கணக்கை மாற்றின. முன்பு தளைக்கயிற்றையும் அரிவாளையும் மட்டும் கொண்டு வந்தவர் இப்போது சில கிலோ எடையுள்ள இரும்புச் சட்டங்கள், பாதுகாப்பு வார், இறக்கும் கயிறு, அரிவாள், திருகு நட்டுகளுக்கான ஸ்பேனர் ஆகியவற்றைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. இங்கே இரண்டு வேறுபட்ட பயணங்கள் உள்ளன: மரம் வரை செல்லும் பயணம், மரத்தின் மேல் செல்லும் பயணம். ஒரே பையை இரண்டுக்கும் பயன்படுத்துவதே பெரும்பாலான தவறுகளின் தொடக்கம்.

## வேட்டைப் பரணும் ஏறுபரணும்

மரத்தில் அமர்ந்து காத்திருக்கும் மேடைக்குத் தமிழில் பரண் என்று பெயர். தினைப்புனம் காக்கும் இதணம், கழுது ஆகியவை சங்க இலக்கியத்தில் இடம்பெறுபவை. இந்திய வேட்டை வழக்கில் இது மச்சான் எனப்பட்டது. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) சேலம், தருமபுரி முதலிய பகுதிக் காடுகளைப் பற்றி எழுதிய நூல்களில் மச்சான் அடிக்கடி வருகிறது. மச்சான் நிலையானது; முன்னதாகவே கட்டப்படும்; துப்பாக்கி, தண்ணீர், டார்ச், போர்வை போன்றவற்றை உதவியாளர்கள் மேலே எடுத்துக் கொடுப்பர். ஆகவே சுமைச் சிக்கல் வேட்டைக்காரருடையதாக இல்லை.

வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படும் ஏறுபரண் இதற்கு நேர்மாறானது. அது அமர்ந்து ஏறும் தென்னைக் கருவியைப் போலவே மேல், கீழ் எனச் சட்டங்கள் கொண்டது. வேட்டைக்காரர் தனியாக அதை முதுகில் சுமந்து காட்டுக்குள் நடந்து, மரத்தில் பொருத்தி, அதிலேயே ஏறி, அதிலேயே அமர்கிறார். பரணின் எடை பொதுவாக 8 முதல் 14 கிலோ வரை இருக்கும். முதுகை ஏற்கெனவே பரண் பிடித்துக்கொண்டதால் முதுகுப்பைக்கு இடமில்லை. இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

- பரணின் தோள்வாரிலேயே பையைக் கட்டுதல். எளிது, ஆனால் பை உடலிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போவதால் பின்னோக்கிய இழுப்பு மிகும்.
- சட்டமுள்ள முதுகுப்பையில் பரணைக் கட்டுதல். எடை இடுப்பு வாருக்கு இறங்குவதால் நீண்ட நடைக்கு ஏற்றது. பையின் வாய் பரணுக்குப் பின்னால் மறைந்துவிடாமல் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ திறக்க வேண்டும்.
- பரண் முதுகில், சிறு பை இடுப்பில். குறைந்த பொருள்களுடன் செல்வோருக்கு ஏற்றது. பனையேறியின் அரிவாள்பெட்டி சொல்லும் வழியும் இதுவே.

எந்த வழியானாலும், ஏறத் தொடங்கும்போது பை உடலில் இருக்கக் கூடாது என்பதே அந்நாட்டுப் பாதுகாப்புப் பயிற்சிகளின் பொது அறிவுரை. பை, வில், குண்டு நீக்கப்பட்ட துப்பாக்கி ஆகியவை தரையில் வைக்கப்பட்டு, ஏறிய பிறகு கயிற்றால் இழுக்கப்படுகின்றன.

இந்தியாவில் வேட்டைக்கான பையும் பரணும் சட்டத்துக்கு உட்பட்ட பயன்பாடு அற்றவை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. குரோம்பேட்டைக்கு அருகிலுள்ள நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளில் ஒளிப்படம் எடுப்பதற்காகப் பரண் அமைப்பதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை. ஆயினும் ஏறுபரணுக்கெனத் தயாரிக்கப்படும் பைகளும் முழுவுடல் வார்களும் இணையவழியில் இங்கும் வாங்கப்படுகின்றன. தென்னை ஏறுவோருக்கு அவற்றில் எது பயன்படும், எது பயன்படாது என்பதை அடுத்த பகுதி விளக்குகிறது.

## பையைத் தேர்ந்தெடுத்தல்

### இரண்டு பைகள்

தரைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என இரண்டு பைகள் வைத்துக்கொள்வதே சிறந்தது. தரைப்பை பெரிதாக இருக்கலாம். தண்ணீர், உணவு, மாற்றுடை, ஸ்பேனர், முதலுதவிப் பொருள்கள், தார்ப்பாய் ஆகியவை அதில் இருக்கும். ஒரு நாள் வேலைக்கு 25 முதல் 35 லிட்டர் கொள்ளளவு போதும். ஏறுகருவியின் சட்டங்களை இதற்குள் திணிக்காமல் தனியாகக் கட்டுவது நல்லது. இரும்பு முனைகள் துணியையும் கயிற்றையும் அறுக்கும்.

மரப்பை சிறிதாக இருக்க வேண்டும். 3 முதல் 5 லிட்டர் வரை போதுமானது. அரிவாள் தனி உறையில் இருந்தால், பையில் இருக்க வேண்டியவை இறக்கும் கயிற்றின் ஒரு முனைக் கொக்கி, சில துண்டுக் கயிறுகள், குருத்தில் வைக்கும் மருந்து, கையுறை ஆகியவை மட்டுமே.

### கட்டும் முறை

மரப்பை இடுப்பில், ஒரு பக்கமாகச் சற்றுப் பின்தள்ளி அமைய வேண்டும். நேர் முன்னால் இருந்தால் மரத்தில் உரசும். நேர் பின்னால் இருந்தால் கை எட்டாது. இடுப்பு வாருடன் தொடையைச் சுற்றும் ஒரு சிறு வாரும் இருந்தால் பை அசையாது. அமர்ந்து ஏறும் கருவியில் இருக்கைச் சட்டம் இடுப்பைச் சூழ்வதால், வாங்கும் முன் தரையிலேயே கருவியை மரத்தில் பொருத்தி, ஒரு முழம் உயரம் ஏறிப் பார்த்து, பை சட்டத்தில் இடிக்கிறதா என்று அறிய வேண்டும்.

### வாய்

ஜிப் வைத்த பை நகரப் பயணத்துக்கு ஏற்றது, மரத்துக்கு ஏற்றதன்று. மட்டைத் தூளும் தென்னஞ்சாறும் பட்டால் ஜிப் இறுகும். அதைத் திறக்க இரு கைகள் வேண்டும். விளிம்பில் கம்பி வைத்து எப்போதும் விரிந்தே நிற்கும் வாய், அதன்மேல் கயிற்றால் சுருக்கும் துணி என்ற அமைப்பு ஒரு கைக்கு ஏற்றது. வேட்டைப் பைகளில் ஓசை எழாமல் இருக்க வெல்க்ரோ தவிர்க்கப்படுகிறது. தென்னை ஏறுவோருக்கு ஓசை பொருட்டன்று. ஆனால் நாரும் தூளும் படிந்தால் வெல்க்ரோ ஒட்டாது என்பதால் இங்கும் அது பயனற்றது.

### துணி

- கித்தான்: உரசலைத் தாங்கும், வெட்டினால் எளிதில் கிழியாது. நனைந்தால் கனக்கும், காயாமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.
- நைலான்: இலேசானது, வலிமையானது. நனைந்தால் சற்று நீண்டு வலிமை குறையும். நீண்டநாள் வெயிலில் நலியும்.
- பாலியெஸ்டர்: நீரை மிகக் குறைவாக உறிஞ்சும், வெயிலை நைலானைவிட நன்கு தாங்கும். சென்னைச் சூழலில் வார்களுக்கு இது ஏற்றது.
- ரெக்சின்: விலை குறைவு, வெயிலில் வெடிக்கும். எடை தாங்கும் பகுதிகளுக்கு ஆகாது.

பையின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்க வேண்டும். நிறம் தனித்துத் தெரியும்படி இருப்பது நல்லது. வேட்டைப் பைகளின் இலைநிறக் கோலம் விலங்கின் கண்ணுக்கு மறைவதற்கானது. தென்னைத் தோப்பில் கீழே விழுந்த பொருள் மனிதக் கண்ணுக்கும் மறைந்துவிடும்.

### அரிவாள் உறை

இடுப்புத் துணியில் அரிவாளை வெறுமனே செருகுவது பரவலான பழக்கம். சறுக்கினாலோ விழுந்தாலோ முதலில் உடலைக் கிழிப்பது அதுவே. ஆகவே பையைவிட முதலில் வாங்க வேண்டியது உறை. மரத்தாலோ கெட்டித் தோலாலோ ஆன விறைப்பான உறையே வேண்டும்.

தோல் உறையைப் பொறுத்தவரை குரோம்பேட்டையின் பெயரே ஒரு செய்தியைத் தாங்கியுள்ளது. இங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஊர் இப்பெயர் பெற்றது. ஆவாரம்பட்டை முதலியவற்றால் தோலைப் பதனிடும் பழைய முறைக்கு மாற்றாக, குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அறிமுகப்படுத்தினார். குரோம் தோல் மென்மையானது, நனைவதைத் தாங்கும், எனவே பைக்கும் கையுறைக்கும் ஏற்றது. பட்டைகளால் பதனிட்ட தோல் விறைப்பானது; வடிவம் மாறாது; எனவே உறைக்கு ஏற்றது. குரோம் தோலில் தங்கும் உப்புகள் கத்தியின் அலகில் கறையும் துருவும் ஏற்படுத்தக்கூடும் என்பதும் உறைக்கு அதைத் தவிர்ப்பதற்கான காரணம். எந்தத் தோலானாலும் ஈர அரிவாளை உறைக்குள் விட்டுவைக்கலாகாது.

## கயிற்றால் ஏற்றுதலும் இறக்குதலும்

உடலில் சுமக்க வேண்டாதவற்றைக் கயிறே சுமக்கிறது. நல்ல கயிறு இருந்தால் சிறிய பை போதும். கயிறு இல்லாதபோதே பெரிய பை தேவையாகிறது.

கயிறு மர உயரத்தைவிடச் சில மீட்டர் நீளமாக இருக்க வேண்டும். கருவிகளை ஏற்ற மெல்லிய கயிறு போதும். இளநீர்க் குலைகளை இறக்கக் கை பிடிக்கும் பருமன் கொண்ட கயிறு வேண்டும். பத்து இளநீர் கொண்ட குலை எளிதில் 15 கிலோவைத் தாண்டும். மெல்லிய கயிறு அந்த எடையுடன் கையில் வழுக்கினால் உள்ளங்கை எரிந்து, அனிச்சையாகக் கை விடுபடும். மட்டையின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் உராய்வு எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை:

- ஏற்றும் கயிற்றை ஏறுபவரின் இடுப்பில் இறுக்க முடிச்சிடக் கூடாது. கீழே கயிறு வாகனத்திலோ கதவிலோ சிக்கினால் அது அவரையே இழுக்கும். சிறு இழுப்பில் விடுபடும் கொக்கியில் மாட்டுவது நல்லது.
- குலையை வெட்டும் முன்பே கயிறு அதில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.
- அரிவாளை ஏற்றும்போது உறையோடு, பிடி மேலாக இருக்குமாறு கட்ட வேண்டும்.
- கீழே நிற்பவர் குலைக்கு நேர் கீழே நிற்கலாகாது.

## பாதுகாப்பு வாரும் பையும்

முழுவுடல் வார் என்பது தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி, விழும்போது உடலைத் தாங்கும் பட்டைத் தொகுதி. ஏறுபரண் வேட்டையில் இது அடிப்படைத் தேவையாகக் கருதப்படுகிறது. தரையை விட்டுக் கால் எடுப்பதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை அது மரத்தோடு இணைந்திருக்க வேண்டும்.

பையும் வாரும் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்க மூன்று விதிகள் உள்ளன. முதலாவதாக, வாரை அணிந்த பிறகே அதன்மேல் பையைக் கட்ட வேண்டும். பையின்மேல் வார் வந்தால் விழும்போது பை நழுவி வார் தளர்ந்துவிடும். இரண்டாவதாக, வாரின் இணைப்பு வளையத்தைப் பை மறைக்கக் கூடாது. மூன்றாவதாக, பையின் பிளாஸ்டிக் கொக்கிகளை உடல் எடை தாங்கும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. பையைத் தொங்கவிடும் சிறு கொக்கியும், உடலைத் தாங்கும் காரபைனர் எனப்படும் பூட்டுக் கொக்கியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தாங்கும் திறன் உலோகத்தில் பொறிக்கப்பட்டிருப்பதே உடலைத் தாங்கக்கூடியது.

வார் விழுவதைத் தடுத்தாலும் ஆபத்து முடிவதில்லை. அசையாமல் வாரில் தொங்குபவரின் கால்களில் குருதி தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் ஏற்படலாம். இதனால் வேட்டை வார்களுடன் கால் வைத்து எழும்ப ஒரு வளையக் கயிறு தரப்படுகிறது. மரப்பையில் இடம் குறைவானாலும் இக்கயிறு, ஊதல், கைபேசி ஆகிய மூன்றும் உடலிலேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தரைப்பையில் இருக்கும் கைபேசி மேலே தொங்குபவருக்குப் பயன்படாது. அவசர உதவி எண் 108.

## புறநகர்ச் சூழல்

தோப்பில் ஏறுவதற்கும் குரோம்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டு மனைக்குள் ஏறுவதற்கும் வேறுபாடு உண்டு. 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாக இன்றுள்ள இவ்வூரில், தென்னை பெரும்பாலும் சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் நிற்கிறது. அதன் கீழே கூரைத் தகடு, தண்ணீர்த் தொட்டி, நிறுத்திய வாகனம், பக்கத்து வீட்டு மாடி ஆகியவை இருக்கும். தோப்பில் காயை வெட்டிப் போடலாம். இங்கே கட்டி இறக்க வேண்டும். ஆகவே புறநகரில் கயிற்றின் பங்கு மிகுதி.

மின்கம்பிகள் இங்குள்ள முதன்மை ஆபத்து. ஏறுகருவியின் இரும்புச் சட்டம், கம்பிக்கயிறு, நனைந்த கயிறு, பச்சை மட்டை ஆகிய அனைத்தும் மின்சாரம் கடத்துபவை. கம்பிக்கு அருகில் உள்ள மரத்தில், மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரத்தின் பாசி வழுக்கும். 2016 டிசம்பர் 12-இல் சென்னைப் பகுதியைக் கடந்த வர்தா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய புயலுக்குப் பின் நிற்கும் மரங்களிலும் வேர் தளர்வு, தண்டு வெடிப்பு இருக்கக்கூடும். ஏறும் முன் அடியைச் சுற்றிப் பார்ப்பது அவசியம்.

ஏறுவோர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் வருவதால் தரைப்பையில் அடுக்கும் முறையும் முக்கியம். கயிற்றையும் வாரையும் பெட்ரோல், பேட்டரி அமிலம், அரிவாள் ஆகியவற்றோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எடை விழும்போது அறுந்துவிடும்.

## பராமரிப்பு

பையும் வாரும் நாள்தோறும் வேலை முடிந்ததும் உதறி, நிழலில் உலர்த்தப்பட வேண்டும். வெயிலில் காயவைப்பது விரைவானது. ஆனால் அதுவே செயற்கை இழைகளை நலிவிக்கிறது. நிறம் வெளுத்த வார், நுனி கருகிய இழை, பிரிந்த தையல், வெள்ளைக் கோடு விழுந்த பிளாஸ்டிக் கொக்கி ஆகியவை மாற்ற வேண்டிய நேரத்தைக் காட்டும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பாதுகாப்பு வாரை மீண்டும் பயன்படுத்தலாகாது. பையின் கிழிசலைத் தைக்கலாம். உடலைத் தாங்கும் வாரைச் செருப்புத் தைப்பவரிடமோ தையற்காரரிடமோ கொடுத்துத் தைத்துப் பயன்படுத்தக் கூடாது.

ஒவ்வொரு மாதமும் மரப்பையை முழுதும் கொட்டி, அம்மாதத்தில் ஒருமுறையும் மேலே பயன்படாத பொருளைத் தரைப்பைக்கு மாற்றிவிடுவது நல்ல பழக்கம். விதிவிலக்காக, ஊதலும் கால் வளையக் கயிறும் ஒருமுறையும் பயன்படாவிட்டாலும் உடலிலேயே இருக்க வேண்டியவை.